குழந்தைகளுக்குக் கிரேக்கப் புராணமும் நாகரிகமும்: எதை முதலில், எதை அப்புறம்

ஆறு வயது முதல் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்குப் பண்டைய கிரேக்கத்தை அறிமுகம் செய்ய நினைக்கும் பெற்றோருக்கும், நூலகத்திலோ வகுப்பிலோ கதை சொல்பவர்களுக்கும் இது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். ஒலிம்பஸ் தெய்வங்கள் பன்னிரண்டு பேரின் பட்டியல், அவர்களுடைய வம்சாவளி, குரோனஸ் தன் பிள்ளைகளை விழுங்கிய கதை என்று முதல் நாளே ஆரம்பித்துவிடுகிறார்கள். பெயர்களைக் கேட்டே குழந்தை களைத்துப்போகும். சின்னக் குழந்தையாக இருந்தால் ராத்திரி பயந்துபோய் எழுந்து உட்காரும்.

வேலைக்கு ஆகிற வரிசை வேறு. முதலில் ஒரு கதை. பிறகு அந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்படும் இடம். பிறகு அந்த இடத்தில் கிடைத்த ஒரு பொருள். ஆண்டுக் கணக்கு கடைசியில் வரட்டும். கதையில் வந்த ஆளைத் தேடித்தான் குழந்தை வரைபடத்துக்குள் வரும், தானாக வராது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மலையும் கடலும் தெரிகிற ஏஜியன் கடல் பகுதியின் வரைபடம் ஒன்று, ஏ3 அளவில் அச்சிட்டது. இன்றைய நாட்டெல்லைகள் மட்டும் போட்ட வரைபடம் உதவாது. ஏன் என்பது ஆறாம் படியில் தெரியும். கம்பளி நூல் உருண்டை ஒன்று. பழைய மண் பூந்தொட்டி ஒன்று, மெருகு பூசாதது. எட்டு மீட்டர் கயிறு. கோடு போடாத நோட்டு.

படங்களுக்கு அருங்காட்சியகங்களின் இணையதளங்களே போதும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள கிரேக்கப் பானைகள் பலவற்றின் படங்களைக் கட்டணமில்லாமல் எடுத்துப் பயன்படுத்த விடுகிறது. பானைப் படங்களை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கதை சொல்லி முடித்த சூட்டில் படம் தேடப் போனால், திரும்பி வரும்போது குழந்தை கிரிக்கெட் மட்டையோடு வெளியே போயிருக்கும்.

பெயர்களை எப்படி எழுதுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். தெய்வங்களின் அரசன் பெயரே ஒரு புத்தகத்தில் ஜீயஸ், இன்னொன்றில் சீயுஸ் என்று இருக்கும். ஹெராக்ளிஸ் என்பது கிரேக்கப் பெயர், ஹெர்குலிஸ் என்பது ரோமானியர் வைத்த பெயர். இரண்டும் கலந்து வந்தால் குழந்தை இரண்டு ஆட்கள் என்று நினைத்துக்கொள்ளும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிரேக்கப் பெயர்களை மட்டும் ஒரே எழுத்தில் எழுதி, அதையே கடைப்பிடியுங்கள்.

2. வயதைப் பார்த்துக் கதையை எடுங்கள்

ஆறு, ஏழு வயதுக்கு மைடாஸ், இக்காரஸ், பெர்செஃபோனி போதும். எட்டு, ஒன்பது வயதில் தீசியஸ், பெர்சியஸ், ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ். ட்ராய் போரை முழுதாகச் சொல்ல பத்து வயதாவது ஆகட்டும். பிள்ளைகளைக் கொன்ற மெடியா, தந்தையைக் கொன்ற ஈடிபஸ் இதெல்லாம் பதின்வயதுக்கு.

எந்தக் கதையையும் சொல்வதற்கு முன் நீங்கள் முழுதாகப் படித்துவிடுங்கள். குழந்தைகளுக்கான சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போனால், "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். எதை விடுகிறீர்கள் என்று தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் விடுவது வேறு.

கதை முடிந்ததும் நீதி சொல்லாதீர்கள். அப்பா டெடலஸ் செய்து கொடுத்த இறகுச் சிறகோடு உயரப் பறந்து கடலில் விழுந்த இக்காரஸின் கதையை "அப்பா சொன்னதைக் கேட்கணும்" என்று முடித்தால் பேச்சு அங்கேயே செத்துவிடும். டெடலஸ் மகனிடம் ரொம்ப உயரப் பறக்காதே என்று மட்டும் சொல்லவில்லை, ரொம்பத் தாழவும் பறக்காதே என்றான். ஏன் தாழக் கூடாது என்று கேட்டுப் பாருங்கள். கடல் ஈரத்தில் இறகு கனத்துப்போகும் என்பதை யாராவது ஒரு குழந்தை கண்டுபிடிக்கும்.

3. முதல் கதை: தீசியஸும் மினோட்டாரும்

எட்டு வயதைத் தாண்டியவர்கள் என்றால் இதிலிருந்து தொடங்குங்கள். காரணம், இந்தக் கதைக்குக் காட்டுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. கையால் செய்து பார்ப்பதற்கு ஒரு காரியமும் இருக்கிறது.

ஏதென்ஸ் இளவரசன் தீசியஸின் பிறப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். ஏதென்ஸ் துறைமுகத்தில் கறுப்புப் பாய் கட்டிய கப்பல் நிற்கிறது, ஏழு பையன்களும் ஏழு பெண்களும் ஏற்றப்படுகிறார்கள், அவர்களில் ஒருவன் தீசியஸ் என்று ஆரம்பியுங்கள். கிரீட் தீவின் மன்னன் மினோஸ் கேட்கும் கப்பம் அது. அங்கே, உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாத கட்டடம். அதற்குள் காளைத்தலை மனிதன், மினோட்டார்.

இந்த இடத்தில் நம் ஊர்க் குழந்தைகளில் ஒன்றாவது "இது பகாசுரன் கதை மாதிரி இருக்கே" என்று சொல்லும். சொல்லட்டும். ஆனால் நீங்களாக முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். பெரியவர் சொன்னால் அது விடையாகிவிடும், குழந்தை கண்டுபிடித்தால் அது கேள்வியாக நிற்கும். "எங்கே ஒத்துப்போகுது, எங்கே மாறுது?" என்று மட்டும் கேளுங்கள். பீமனுக்குப் பலம் போதும். தீசியஸுக்குக் கொன்ற பிறகு வெளியே வர வழி வேண்டும். அந்த வழியை மினோஸின் மகள் அரியாட்னி தருகிறாள், நூல் உருண்டையாக.

இங்கே கதையை நிறுத்தி, கம்பளி நூலை எடுங்கள். கட்டில் காலில் ஒரு முனையைக் கட்டி, குழந்தையின் கண்ணைக் கட்டி, உருண்டையைக் கையில் கொடுத்து வீட்டுக்குள் நடக்கவிடுங்கள். ஒரு பெரியவர் கூடவே நடக்க வேண்டும். நாற்காலியைச் சுற்றி, அடுப்படி வரை போய்த் திரும்பட்டும். நூலை விறைப்பாகப் பிடித்துச் சுற்றிக்கொண்டே வருகிற குழந்தை வந்துவிடும். தொங்கவிட்ட குழந்தை நாற்காலிக் காலில் சிக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் மீதிக் கதையைச் சொன்னால், தீசியஸ் இருட்டில் என்ன செய்தான் என்பதை நீங்கள் வருணிக்கவே வேண்டாம்.

திரும்பும் வழியில் அரியாட்னியை நக்ஸோஸ் தீவில் தீசியஸ் விட்டுவிட்டுப் போகிறான். உயிரோடு திரும்பினால் கட்டுவதாகச் சொன்ன வெள்ளைப் பாயை மாற்ற மறந்ததால் அவன் தந்தை ஏஜியஸ் கடலில் விழுந்து சாகிறான். சின்னவர்களுக்குக் கப்பல் புறப்படுவதோடு நிறுத்தலாம். பெரியவர்களுக்கு முழுதும் சொல்லுங்கள். கிரேக்க வீரர்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை என்பது சீக்கிரம் தெரிந்துவிட்டால் பின்னால் ஹெராக்ளிஸைப் பற்றிப் பேச எளிது.

4. உடனே இடத்தைக் காட்டுங்கள்

மறுநாளோ அந்த வாரத்திலோ, கிரீட்டில் உள்ள நாசஸ் அரண்மனைப் படங்களை எடுங்கள். 1900-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் அங்கே அகழாய்வு தொடங்கினார். அறைக்குள் அறையாக, நடைபாதையும் படிக்கட்டுமாக விரியும் பெரிய அரண்மனை வெளிப்பட்டது. சுவரோவியத்தில் ஒருவன் பாய்ந்து வரும் காளையின் முதுகின் மேல் தலைகீழாகத் தாவுகிறான். காளையும் குழப்பும் கட்டடமும் கதைக்குள் எப்படி வந்திருக்கும் என்று குழந்தைகளே ஊகிக்கத் தொடங்குவார்கள்.

நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: கதை, அவர்கள் நம்பியது, மண்ணில் கிடைத்தது. மினோட்டார் முதல் பத்தியில். ஏதென்ஸுக்கு ஒரு காலத்தில் தீசியஸ் என்ற அரசன் இருந்தான் என்பது இரண்டாவதில். காளை ஓவியம் மூன்றாவதில். இந்த மூன்று பத்திதான் முழுப் பயணத்துக்கும் முதுகெலும்பு. இதைப் போடாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து புராண அரக்கி மெடூசாவும் நிஜ ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸும் ஒரே தெருவில் வசித்ததாகக் குழந்தை பேசும்.

ஓர் எச்சரிக்கை. நாசஸ் படங்களில் பளிச்சென்று தெரியும் சிவப்புத் தூண்கள் பழையவை அல்ல; எவன்ஸ் தன் ஊகப்படி கான்கிரீட்டில் திரும்பக் கட்டியவை. அதையும் சொல்லிவிடுங்கள். வெள்ளைப் பளிங்குச் சிலைகளுக்கு நேர்மாறான கதை. அவை ஒரு காலத்தில் வண்ணம் பூசியவை, சாயம் போய்விட்டது. ஒரு சிலைப் படத்தை அச்சிட்டு வண்ணம் தீட்டக் கொடுங்கள்.

நாசஸில் கிடைத்த களிமண் பலகைகளில் இருந்த எழுத்தை எவன்ஸால் கடைசிவரை படிக்க முடியவில்லை. 1936-இல் லண்டனில் அவர் பேசியதைக் கேட்ட 14 வயதுப் பள்ளி மாணவன் மைக்கேல் வென்ட்ரிஸ், 1952-இல் லீனியர் பி என்ற அந்த எழுத்தைப் படித்துக் காட்டினார். உள்ளே இருந்தது வீரக் கதை இல்லை, ஆடு, கம்பளி, எண்ணெய்க் கணக்கு. குழந்தைகளுக்கு இது ஏமாற்றம்தான். எனக்கோ மினோட்டாரை விட இந்தக் கணக்குப்பிள்ளைகளைத்தான் பிடிக்கும்.

5. தெய்வங்கள் ஒவ்வொருவராக வரட்டும்

கதையில் வருகிற தெய்வத்துக்கு மட்டும் ஓர் அட்டை எழுதுங்கள். ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் அடையாளப் பொருள்: ஹெர்மீஸுக்கு இறக்கை வைத்த செருப்பு, பொசைடனுக்குத் திரிசூலம், அதீனாவுக்கு ஆந்தை. பானைப் படங்களில் தெய்வங்களை அடையாளம் காண்பது இந்தப் பொருள்களை வைத்துத்தான். பத்துப் பானைப் படங்களைப் பரப்பி "இதில் ஹெர்மீஸ் எங்கே?" என்று தேடச் சொன்னால், பட்டியல் மனப்பாடம் தேவைப்படாது.

அதீனாவை அறிமுகம் செய்ய ஏதென்ஸுக்காக நடந்த போட்டிதான் சரியான கதை. பொசைடன் பாறையில் குத்தி உப்பு நீர் ஊற்றைத் தருகிறான், அதீனா ஒலிவ மரம் தருகிறாள். எது உபயோகம்? அடுத்ததாகப் பழைய ஏதென்ஸ் வெள்ளி நாணயத்தைக் காட்டுங்கள்: ஒரு பக்கம் அதீனா, மறுபக்கம் ஆந்தை, ஓரத்தில் ஒலிவ இலை. அப்புறம் இன்றைய கிரீஸின் 1 யூரோ நாணயத்தைக் காட்டுங்கள். அதே ஆந்தை.

கஷ்டமான கேள்விகள் இந்தக் கட்டத்தில்தான் வரும். "இப்பவும் இவங்களைக் கும்பிடுறாங்களா?" என்றால் நேராகச் சொல்லுங்கள்: கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசு பழைய வழிபாட்டைத் தடை செய்தது; இன்று கிரீஸில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். "சீயுஸுக்கு ஏன் இத்தனை பேரோட குழந்தை?" என்றால், ஒவ்வோர் ஊரும் தன் அரச குடும்பம் சீயுஸின் வழி வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டது ஒரு காரணம் என்று சொல்லலாம். அது மழுப்பல் இல்லை, உண்மையான விளக்கம். சீயுஸ் செய்ததெல்லாம் சரி என்று வாதாட மட்டும் போகாதீர்கள். அந்தக் காலத்துக் கிரேக்கர்களிலேயே அதைக் குறை சொன்னவர்கள் உண்டு.

6. வரைபடத்தில் விரலை ஓட்டுங்கள்

இப்போதுதான் ஏ3 வரைபடம். ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு விரலை மலை மேல் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு ஏதென்ஸிலிருந்து கிரீட்டுக்குத் தீவு தீவாகக் கடலில். தரை தடுக்கிறது, கடல் சேர்க்கிறது. ஒரே மொழி பேசியவர்கள் ஒரே நாடாக இல்லாமல் நூற்றுக்கணக்கான தனித்தனி நகர அரசுகளாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதை முன்பே சொன்னால் பாடமாகத் தெரியும். விரல் வலித்த பிறகு சொன்னால் புரியும்.

மாரத்தான் ஊரையும் குறியுங்கள். கி.மு. 490-இல் பாரசீகப் படையை ஏதென்ஸ் அங்கே வென்றது. வெற்றிச் செய்தியோடு ஏதென்ஸுக்கு ஓடி விழுந்து இறந்த வீரனின் கதை எல்லோருக்கும் தெரியும். அது பிற்காலத்து ஆசிரியர்கள் எழுதியது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது வேறு: போருக்கு முன் உதவி கேட்டு ஓட்டக்காரன் ஒருவன் ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடி மறுநாளே போய்ச் சேர்ந்தான். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். எந்தப் பத்தியில் எழுதுவது என்று குழந்தைகள் சண்டை போடட்டும்.

7. வீடு, சாப்பாடு, பள்ளி

பலர் தாண்டிவிடும் படி இது. தாண்டினால் கிரேக்கர்கள் என்றாலே கவசமும் ஈட்டியும்தான் என்று மனதில் பதிந்துவிடும்.

ஒரு தட்டில் பார்லி ரொட்டி, ஒலிவக் காய், அத்திப்பழம், பாலாடைக்கட்டி வைத்துக் கொடுங்கள். பார்லி கிடைக்காவிட்டால் கோதுமை. தக்காளி, உருளை, மிளகாய் வைக்காதீர்கள். அவை அமெரிக்காவிலிருந்து அப்புறம் வந்தவை. விளையாட்டுக்கு ஐந்து கல் எடுங்கள். தூக்கிப் போட்டுப் புறங்கையில் பிடிக்கும் ஐந்து கல் விளையாட்டு அங்கேயும் இருந்தது. நம் அஞ்சாங்கல் ஆடத் தெரிந்த குழந்தைக்கு விதி சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

ஏதென்ஸில் பள்ளிக்குப் போனது பையன்கள். மெழுகு பூசிய பலகையில் கூர்மையான குச்சியால் எழுதினார்கள். பெண்கள் வீட்டிலேயே நெசவு கற்றார்கள். ஸ்பார்ட்டாவில் ஏழு வயதிலேயே பையன்களை வீட்டிலிருந்து பிரித்துக் கூட்டமாக வளர்த்தார்கள். பெண்களும் ஓடினார்கள், உடற்பயிற்சி செய்தார்கள். எங்கே பிறந்திருந்தால் பரவாயில்லை என்று கேட்டால் பேச்சு நீளும். அடிமைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுங்கள். வெள்ளிச் சுரங்கத்திலும் வீட்டிலும் வேலை செய்தவர்கள் அவர்கள். அதை ஒளித்துவிட்டு அடுத்த படிக்குப் போனால், அந்தப் படி பாதிப் பொய்யாகிவிடும்.

8. ஓடு பொறுக்கி வாக்களித்தல்

ஏதென்ஸின் மக்களாட்சியை விளக்கம் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆடிப் பார்க்க வேண்டும்.

ஒருவன் ஊருக்கு ஆபத்தாக வளர்ந்துவிட்டான் என்று தோன்றினால், மக்கள் உடைந்த பானை ஓட்டில் அவன் பெயரைக் கீறிப் போடுவார்கள். குறைந்தது 6,000 ஓடு விழ வேண்டும். அதிகம் பெயர் வந்தவன் பத்து ஆண்டு ஊரை விட்டுப் போக வேண்டும், சொத்து பறிபோகாது.

பூந்தொட்டியைச் சாக்குக்குள் போட்டுப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் உடைக்கட்டும். கூர்மையான ஓரங்களைக் கல்லில் தேய்த்து மழுக்குங்கள். கீற ஆணி, சின்னவர்களுக்குச் சாக்பீஸ்.

இரண்டு விஷயத்தில் கவனம். ஒன்று, கூட்டத்தில் உள்ள குழந்தையின் பெயரை யாரும் எழுதக் கூடாது. விளையாட்டாகத் தொடங்கி, ஒரு பிள்ளையின் பெயரே எல்லா ஓட்டிலும் வந்து அது அழுதுகொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். காய்கறிப் பெயர் எழுதச் சொல்லுங்கள். எங்கள் கூட்டங்களில் பாகற்காய் பலமுறை நாடு கடத்தப்பட்டிருக்கிறது. இரண்டு, முதல் சுற்றில் எல்லோருக்கும் ஓடு கொடுக்காதீர்கள். குடிமகன், பெண், அடிமை, வெளியூர்க்காரர் என்று எழுதிய சீட்டுகளைக் குலுக்கிப் போட்டு, குடிமகன் சீட்டு வந்தவருக்கு மட்டும் ஓடு. குலுக்கல் ஏன் என்றால், ஓட்டில்லாமல் உட்காருவது எப்படி இருக்கும் என்பது பையன்களுக்கும் தெரிய வேண்டும். இரண்டாம் சுற்றில் எல்லோரும் ஆடலாம்.

முடிந்ததும் இதைச் சொல்லுங்கள்: ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸின் பெயர் கீறிய 190 ஓடுகள் அக்ரோபோலிஸ் என்ற ஏதென்ஸ் கோட்டைக் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் மொத்தமாகக் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் 14 பேர்தான். யாரோ முன்கூட்டியே எழுதி, கூட்டத்தில் கொடுப்பதற்குத் தயாராக வைத்திருக்கிறார்கள். தேர்தல் நேரத்துத் தமிழ்நாட்டில் வளரும் குழந்தைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

9. இப்போது ஆண்டுகள்

எட்டு மீட்டர் கயிற்றை நீட்டுங்கள். நூறு ஆண்டுக்கு ஒரு சாண், பெரியவர் சாணால். ஒரு முனை இன்று. அங்கிருந்து இருபது சாண் எண்ணி ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள், அது கி.மு., கி.பி. எல்லை. கி.மு.வில் எண் பெரிதானால் காலம் முந்தியது என்பதில்தான் எல்லாக் குழந்தையும் குழம்பும். கயிற்றில் நடந்து பார்த்தால் தெளியும்.

முடிச்சுகள் அதிகம் வேண்டாம். நாசஸ் கி.மு. 1500 வாக்கில். முதல் ஒலிம்பிக் என்று மரபாகச் சொல்லும் கி.மு. 776. மாரத்தான் 490. ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் கட்டியது 447 முதல் 432 வரை. சாக்ரடீஸ் நஞ்சுண்டது 399. அலெக்சாண்டர் இறந்தது 323. நாசஸுக்கும் பார்த்தினானுக்கும் நடுவே பத்துச் சாண் இருப்பதைப் பார்க்கும்போது "பண்டைய கிரேக்கர்கள்" என்று ஒரே மூச்சில் சொல்வது எவ்வளவு அசட்டுத்தனம் என்று பெரியவர்களுக்கே உறைக்கும்.

நம் பக்கத்து முடிச்சுகளை இதற்குப் பிறகு கட்டுங்கள். அசோகர், கி.மு. 3-ஆம் நூற்றாண்டு, காந்தஹாரில் கிடைத்த அவருடைய கல்வெட்டு ஒன்று கிரேக்கத்திலும் அராமிக்கிலும் உள்ளது. அப்புறம் சேரநாட்டுத் துறைமுகமான முசிறி. "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று யவனர் கப்பலைச் சொல்லும் அகநானூறு 149-ஆம் பாட்டைப் படித்துக் காட்டுங்கள். கறி என்பது மிளகு. முசிறிப் பயணம் பற்றிய கடன் ஒப்பந்தம் ஒன்று, கிரேக்கத்தில் எழுதிய கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பப்பைரஸ் நாணல் தாளாக வியன்னாவில் இருக்கிறது. இதை முதல் வாரத்திலேயே சொல்லப் பலருக்கும் கை பரபரக்கும். பொறுங்கள். மிளகு வாங்க வந்தவர்கள் ரோமப் பேரரசு காலத்தவர்கள். பார்த்தினான் முடிச்சிலிருந்து இங்கே வர ஆறு சாண் ஆகிறது. கயிறு இல்லாமல் சொன்னால் பெரிக்ளிஸே முசிறியில் மிளகு வாங்கியதாக ஆகிவிடும்.

10. அடுத்து: ஒடிசி, தொடர்கதையாக

இதுவரை வந்த குழந்தை நீண்ட கதைக்குத் தயார். ட்ராய் போர் முடிந்து ஒடிசியஸ் தன் ஊரான இத்தாக்காவுக்குத் திரும்பும் கதையான ஒடிசி மொத்தம் 24 காண்டம். மூலத்தின் வரிசையில் போகாதீர்கள். முதல் நான்கு காண்டங்களில் ஒடிசியஸ் மேடைக்கே வருவதில்லை. ட்ராயிலிருந்து கப்பல் புறப்படுவதில் தொடங்கி, பாலிஃபீமஸ், காற்றுப் பை, சூனியக்காரி சிர்ஸி, பாட்டால் மயக்கும் சைரன்கள் என்று வாரத்துக்கு ஒரு நிறுத்தம் வைத்து, ஏ3 வரைபடத்தின் ஓரத்தில் ஒரு கப்பலை வெட்டி ஒட்டி நகர்த்துங்கள். அந்தத் தீவுகள் பெரும்பாலும் கற்பனை என்பதால் வரைபடத்துக்குள் வைக்காமல் ஓரத்தில் வைப்பது முக்கியம். இத்தாக்கா மட்டும் உள்ளே.

ஒடிசியஸுக்காக இருபது ஆண்டு காத்திருந்த நாய் ஆர்கோஸ் இறக்கும் இடத்தைத் தூங்கப் போகும் நேரத்தில் சொல்லாதீர்கள், பகலில் சொல்லுங்கள். வீட்டில் நாய் இருந்தால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியைத் தொல்லை செய்தவர்களைக் கொல்லும் 22-ஆம் காண்டத்தைச் சின்னவர்களுக்கு இரண்டு வரியில் முடித்துவிடலாம். பன்னிரண்டு பணிப்பெண்கள் தூக்கிலிடப்படுவதைப் பன்னிரண்டு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது விடாமல் சொல்லுங்கள், அது நியாயமா என்று அவர்களே கேட்பார்கள்.